ராமானுஜர் ஏற்காத சான்று

கடவுள் இருக்கிறார் என்பதை அனுமானத்தால், அதாவது கண்ணால் கண்டதிலிருந்து காணாததை ஊகித்து, நிறுவ முடியாது. இதைச் சொன்னவர் பெரியார் திடலில் பேசிய யாரோ என்று நீங்கள் நினைத்தால், இல்லை. சொன்னவர் ராமானுஜர். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து, ஸ்ரீரங்கத்துக் கோயில் நடைமுறைகளை ஒழுங்கு செய்து, திருமாலைத் தவிர வேறொன்றையும் நினைக்காமல் வாழ்ந்தவர் என்று கொண்டாடப்படும் அதே ராமானுஜர்தான். பிரம்ம சூத்திரத்துக்கு அவர் எழுதிய ஸ்ரீபாஷ்யத்தில், மூன்றாவது சூத்திரத்தின் உரையிலேயே இந்த வாதம் வந்துவிடுகிறது. போகிற போக்கில் சொன்ன ஒரு வரியும் அல்ல. கடவுளைத் தர்க்கத்தால் நிரூபித்துவிடலாம் என்று சொல்லும் கட்சியை முன்னால் உட்கார வைத்து, அதன் ஒவ்வொரு படியையும் உடைத்துக்கொண்டே போகிறார்.

முதல்முறை படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் கடவுள் நிரூபிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறார். ஜெனிவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் நடராஜர் சிலை இருக்கிறது, ஆகவே அணு விஞ்ஞானிகளே சிவனை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். (சிலை இருப்பது உண்மை. 2004ல் இந்திய அரசு பரிசாகக் கொடுத்தது. பரிசு கொடுத்தால் வாங்கி வைப்பார்கள்.) சிதம்பரம் கோயில் பூமியின் காந்த மையத்தில் இருக்கிறது. (காந்த நடுக்கோடு என்பது ஒரு கோடு, அதற்கு நடுப்புள்ளி கிடையாது. அந்தக் கோடும் ஆண்டுக்கு ஆண்டு நகரும். 1963ல் இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட்டை விடத் திருவனந்தபுரம் பக்கத்தில் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே அந்தக் கோடு அங்கே பக்கத்தில் ஓடியதால்தான். சிதம்பரம் எங்கே, தும்பா எங்கே.) அப்புறம், பேராசிரியரை வாயடைக்க வைத்த மாணவன் ஐன்ஸ்டீன்தான் என்று முடியும் கதை. ஐன்ஸ்டீன் 1954ல் எரிக் குட்கைண்ட் என்பவருக்கு எழுதிய கடிதத்தை அந்தக் கதையை அனுப்புகிறவர்கள் படித்திருக்க மாட்டார்கள். கடவுள் என்ற சொல்லே மனித பலவீனத்தின் விளைவு என்கிற கருத்தை அதில் அவர் எழுதியிருக்கிறார்.

இவற்றுக்குப் பதில் சொல்வது எளிது. அதனாலேயே சுவாரசியமும் இல்லை. கடவுள் உண்டு என்பதற்குச் சொல்லப்பட்ட வலுவான வாதம் எது, அது எங்கே நிற்கிறது, எங்கே வழுக்குகிறது என்று பார்ப்பதுதான் இந்தப் பதிவின் வேலை. அதற்கு நாம் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை.

நம் மண்ணின் பெரிய வாதம் பானையிலிருந்து தொடங்குகிறது. பானை என்று ஒன்று இருக்கிறது. அது முன்பு இல்லை, பிறகு உண்டாயிற்று, ஒருநாள் உடையும். தானாக உண்டாகவில்லை, குயவன் செய்தான். உலகமும் அப்படித்தான் உறுப்புகள் சேர்ந்து உண்டாகிறது, நிற்கிறது, அழிகிறது. அறிவில்லாத சடப்பொருள் தானாகக் கூடி ஒழுங்காக இயங்காது. ஆகவே செய்த ஒருவன் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் எழுதிய சிவஞான சித்தியாரில் இது மிகக் கச்சிதமாக வருகிறது. பானைக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகுக்கு மாயை முதற்காரணம், சக்தி துணைக்காரணம், சிவன் நிமித்த காரணம். ஒன்றுமில்லாததிலிருந்து உலகைப் படைக்கிற கடவுள் அல்ல இவர் என்பதைக் கவனியுங்கள். இருக்கும் பொருளைக் கொண்டு ஆக்குகிறவர். இல்லாததிலிருந்து எப்படி வந்தது என்ற சிக்கலே இங்கே எழாது.

அருணந்தியாரிடம் எனக்குப் பிடித்தது வேறொன்று. தன் கொள்கையைச் சொல்வதற்கு முன் பரபக்கம் என்று ஒரு பகுதி எழுதி, உலகாயதன் தொடங்கிப் பதினான்கு மாற்றுக் கட்சிகளை வரிசையாக நிறுத்துகிறார். எதிராளி என்ன சொல்கிறான் என்பதை முதலில் அவன் வாயாலேயே சொல்ல விடுகிறார், பிறகுதான் மறுப்பு. தன் கொள்கையைச் சொல்லும் பகுதியின் முகப்பிலோ அளவை. எதை வைத்து எதை உண்மை என்று கொள்வது என்பதற்கான விதிகளை முதலில் பேசி முடித்துவிட்டுத்தான் சிவனைப் பற்றிப் பேச்சே. இன்றைய தொலைக்காட்சி விவாதங்களில் இந்த இரண்டில் ஒன்றாவது நடந்து பார்த்திருக்கிறீர்களா?

இங்கிலாந்தில் வில்லியம் பேலி 1802ல் வெளியிட்ட நூலில் இதே வாதம் வேறு உடுப்பில் வருகிறது. வெட்டவெளியில் நடக்கும்போது ஒரு கடிகாரம் கிடக்கக் கண்டால், அதைச் செய்தவன் ஒருவன் உண்டு என்றுதானே நினைப்போம் என்கிறார். நம்மூரில் பானை, அவர்கள் ஊரில் கடிகாரம்.

சரி, பானை வாதம் எங்கே வழுக்குகிறது?

7ஆம் நூற்றாண்டு பௌத்தர் தர்மகீர்த்தி ஒரே கேள்வியில் அதன் காலை வாரிவிட்டார். பானை மண்ணால் ஆனது, அதைக் குயவன் செய்தான். கரையான் புற்றும் மண்ணால் ஆனதுதான். அதையும் குயவனா செய்தான்? (நம் ஊரில் புற்றையே அம்மன் என்று கும்பிட்டுப் பாலும் ஊற்றுகிறோம் என்பது வேறு விஷயம்.) அவர் சொல்ல வந்தது இதுதான். பானையைப் பார்த்ததும் குயவன் நினைவுக்கு வருவது, குயவர்கள் பானை செய்வதை நாம் முன்பே பார்த்திருப்பதால். ‘வடிவம் உள்ளது’, ‘உண்டாக்கப்பட்டது’ என்ற பொதுச்சொல்லை வைத்துக்கொண்டு, பார்த்தே இராத ஒன்றுக்கு அதே முடிவை ஏற்ற முடியாது. உலகங்கள் உருவாக்கப்படுவதை யாரும் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம் எழுதி, அவர் இறந்த பின் 1779ல் அச்சான நூலில் கிட்டத்தட்ட இதே மறுப்பு வருகிறது. இடையில் ஆயிரம் ஆண்டுக்கு மேல்.

மிதிலையைச் சேர்ந்த உதயணர் 10ஆம் நூற்றாண்டில் இதற்குப் பதில் சொன்னார். நியாய குசுமாஞ்சலி என்ற அவருடைய நூல் முழுக்கக் கடவுளை நிறுவுவதற்காகவே எழுதப்பட்டது. அவர் தரப்பின் பதில் சாமர்த்தியமானது. முளைக்கும் செடிக்குச் செய்தவன் யாரும் தெரியவில்லையே என்கிறாயா? அந்தச் செடியைப் பற்றித்தானே வழக்கே நடக்கிறது! வழக்கில் இருக்கும் பொருளையே எதிர்ச்சாட்சியாக எப்படிக் கூண்டில் ஏற்றுவாய்? நல்ல வக்கீல். அவரைப் பற்றி ஒரு கர்ண பரம்பரைக் கதையும் உண்டு. பூரியில் கோயில் கதவு சாத்தியிருந்ததாம். உதயணர் கோபித்துக்கொண்டு, ‘பதவி மமதையில் என்னை அலட்சியம் செய்கிறாய், பௌத்தர்கள் வந்து நின்றால் உன் இருப்பே என் கையில்தான்’ என்று ஜெகந்நாதரிடமே சொன்னாராம். நடந்ததோ இல்லையோ, தர்க்க பண்டிதரின் குணத்தைக் கதை சரியாகப் பிடித்திருக்கிறது.

ஆனால் அந்தப் பதிலால் ஆட்டம் சமன் ஆகிறதே தவிர, வெற்றி வரவில்லை. செடியை எதிர்ச்சாட்சியாக நிறுத்தக் கூடாது என்றால், கடவுளுக்கு ஆதரவான சாட்சியாகவும் அது நிற்காது. மிஞ்சுவது பானையும் துணியும் வீடும் மட்டும். இவற்றிலிருந்து மலைக்கும் கடலுக்கும் தாவலாமா?

ராமானுஜர் பிடிப்பது இந்த இடத்தை. மலையும் கடலும் உண்டாக்கப்பட்டவை என்றே வைத்துக்கொள்வோம். எல்லாம் ஒரே காலத்தில், ஒரே ஆளால் உண்டாக்கப்பட்டன என்பதற்கு என்ன ஆதாரம்? நாம் காணும் பானைகளும் வீடுகளும் வேறு வேறு காலத்தில் வேறு வேறு ஆட்கள் செய்தவை. அதே வழியில் ஊகித்தால், மிகுந்த புண்ணியத்தால் பெரும் ஆற்றல் பெற்ற பல ஜீவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தார்கள் என்றும் சொல்லலாமே. போகட்டும், ஒருவனே என்று கொள்வோம். குயவனுக்கு உடம்பு உண்டு, அறிவுக்கு எல்லை உண்டு, ஆற்றலுக்கும் எல்லை உண்டு. குயவனை வைத்து ஊகித்த கடவுளுக்கும் இவை எல்லாம் வந்து சேருமே? இவை வேண்டாம் என்று தள்ளிவிட்டு ‘செய்தவன்’ என்பதை மட்டும் எப்படி எடுத்துக்கொள்வாய்? ஆகவே பிரம்மத்தை அறியச் சாஸ்திரம் ஒன்றே வழி, தர்க்கம் அல்ல என்று முடிக்கிறார்.

பக்தர் ஒருவர் ஏன் தன் பக்கத்துச் சான்றைத் தானே கிழித்துப் போட வேண்டும்? அவருக்கு அது கடவுளைச் சிறுமைப்படுத்துவதாகப் பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. குயவனை அளவெடுத்துத் தைத்த சட்டை நாராயணனுக்குப் பொருந்தாது. கூடவே ஒரு தர்க்கக் காரணமும் உண்டு. வேதம் ஏன் நம்பத் தகுந்தது என்றால், சர்வக்ஞனான ஈசுவரன் சொன்னதால் என்பார்கள் உதயணர் போன்ற நியாயிகர்கள். ஈசுவரன் உண்டு என்பதற்கு என்ன ஆதாரம் என்றால் வேதம் என்று சொல்ல முடியாது, வட்டமாகிவிடும். அந்த வட்டத்தை உடைக்கத்தான் உதயணருக்குத் தனியாக ஒரு தர்க்கச் சான்று தேவைப்பட்டது. வேதத்துக்கு ஆசிரியரே இல்லை, அது எப்போதும் இருப்பது என்று கொள்கிற ராமானுஜருக்கு அந்தத் தேவை இல்லை.

இங்கே குமாரில பட்டரையும் சொல்லியாக வேண்டும். வேதத்தை இவரைவிட உறுதியாகப் பிடித்தவர் கிடையாது. ஆனால் உலகைப் படைத்த ஈசுவரன் என்ற கருத்தை அவரும் ஏற்கவில்லை. படைப்புக்கு முன் உயிர்களே துன்பப்படவில்லை என்றால் யார் மேல் கருணை கொண்டு படைத்தான்? கருணையால் படைத்தான் என்றால் இவ்வளவு துன்பத்தோடு ஏன் படைத்தான்? தனக்கு ஏதோ தேவை இருந்து படைத்தான் என்றால் அவன் நிறைவற்றவன் அல்லவா? 7ஆம் நூற்றாண்டுக் கேள்விகள். இன்றைக்கும் யாராவது நேராகப் பதில் சொல்லியிருக்கிறார்களா?

கர்மம் என்பார்கள். அவரவர் வினைக்குத் தக்க பலனைத்தான் கடவுள் கொடுக்கிறார், அவர் மேல் பாரபட்சக் குற்றம் சுமத்தாதே என்று. தர்க்கமாகப் பார்த்தால் இது ஓரளவு நிற்கும். ஆனால் 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையை நினைத்துக்கொண்டு அதைச் சொல்லிப் பாருங்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணி நிறைய யாத்திரிகர்கள். சுமத்ரா அருகே கடலடியில் தட்டு நழுவியது, சுனாமி எழுந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்துப்போனார்கள், பாதிப் பேர் நடக்கப் பழகிய குழந்தைகளோ என்று தோன்றும் அளவுக்குப் பிஞ்சு உடல்கள். அத்தனை பேருக்கும் ஒரே காலையில் ஒரே கணக்கா? அந்தக் கணக்கை யார் பார்த்தார்கள்? எந்த நிகழ்வு நடந்தாலும் பொருந்துகிற விளக்கம் எதையும் விளக்குவதில்லை. எனக்குக் கடவுள் வாதத்தில் தீராத கசப்பு உள்ள இடம் இதுதான், மறைக்க விரும்பவில்லை.

டார்வினை வேகமாகக் கடந்துவிடலாம், எல்லோரும் பள்ளியிலேயே படித்ததுதான். 1859ல் அவர் செய்தது கடவுளை மறுத்ததல்ல. அறிவில்லாத பொருள் தானாகக் கூடி ஒழுங்காக அமையாது என்ற படியை மட்டும் எடுத்துவிட்டார். வேறுபாடு, மரபு, பிழைத்திருத்தல் மூன்றும் தலைமுறை தலைமுறையாக ஓடினால் கண் போன்ற ஒன்று வரும். வந்த கண்ணும் தேர்ந்த கைவினைஞன் செய்தது போல இல்லை. நம் விழித்திரையின் நரம்புகள் ஒளி வரும் பக்கமாகவே ஓடி, ஒரு துளை வழியாக வெளியேறுகின்றன. அந்த இடத்தில் நமக்குப் பார்வையே கிடையாது. ஆக்டோபஸின் கண்ணில் நரம்புகள் பின்பக்கமாக ஓடுகின்றன, அதற்குக் குருட்டுப்புள்ளி இல்லை. வடிவமைத்தவர் ஒருவரே என்றால் அவருக்கு ஆக்டோபஸ் மேல்தான் பிரியம் அதிகம்.

பானை வாதம் உயிரியலில் தோற்ற பிறகு வானியலுக்குக் குடிபெயர்ந்தது. இங்கே நடந்ததைப் படிக்கும்போது ராமானுஜர் நினைவு வராமல் இருக்காது. பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் இருந்தது என்ற கருத்தை 1931ல் முன்வைத்தவர் ஜார்ஜ் லெமைத்ர். பெல்ஜியத்துக்காரர், இயற்பியலாளர், கத்தோலிக்கக் குருவானவரும்கூட. 1951ல் பன்னிரண்டாம் பயஸ் என்ற போப், இந்தக் கோட்பாடு படைப்பை உறுதிப்படுத்துகிறது என்ற தொனியில் பேசினார். குருவானவர் மகிழ்ந்திருக்க வேண்டும் அல்லவா? லெமைத்ருக்கு அது பிடிக்கவில்லை. அறிவியல் கோட்பாட்டை மதத்துக்கு முட்டுக் கொடுக்கப் பயன்படுத்தக் கூடாது என்பது அவர் நிலை. அடுத்த ஆண்டு ரோமில் கூடிய வானியலாளர்கள் முன் பேசியபோது போப் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

எதிர்ப்பக்கம் இருந்தவர் பிரெட் ஹாயில். நாத்திகர். தொடக்கம் என்ற பேச்சிலேயே மதவாடை அடிக்கிறது என்று அந்தக் கோட்பாட்டை எதிர்த்தவர். ‘பிக் பேங்’ என்ற பெயரே 1949ல் பிபிசி வானொலியில் அவர் வாயிலிருந்து வந்ததுதான். பின்னால் கிடைத்த சான்றுகள் ஹாயிலைக் கைவிட்டு லெமைத்ர் பக்கம் நின்றன. குருவானவர் தன் கோட்பாட்டைக் கடவுளுக்குச் சான்றாக்க மறுத்தார். நாத்திகர் கடவுள் வந்துவிடுவாரோ என்ற பயத்தில் சரியான கோட்பாட்டை மறுத்தார். சான்றோடு யார் ஒழுங்காக நடந்துகொண்டார்கள் என்று கேட்டால் நான் குருவானவரைத்தான் சொல்வேன்.

அதே ஹாயில்தான், இன்றைக்குக் கடவுள் தரப்பில் இருக்கும் வலுவான வாதத்துக்கும் அடி எடுத்துக் கொடுத்தார். நட்சத்திரத்துக்குள் கார்பன் உருவாக வேண்டும் என்றால் கார்பன் அணுக்கருவுக்கு ஒரு குறிப்பிட்ட ஆற்றல் நிலை இருந்தாக வேண்டும் என்று 1953ல் கணக்கிட்டுச் சொன்னார். கலிபோர்னியாவில் சோதித்துப் பார்த்தார்கள். சொன்ன இடத்துக்கு மிக அருகிலேயே இருந்தது, சுமார் 7.65 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். அது கொஞ்சம் தள்ளி இருந்திருந்தால் கார்பன் அருகிப்போயிருக்கும், இந்தப் பதிவை எழுதவோ படிக்கவோ ஆள் இருந்திருக்காது. ஈர்ப்பு, மின்விசை என்று மாறிலிகள் பலவும் இப்படி உயிர் வாழத் தோதாக அமைந்திருக்கின்றன, இது தற்செயலா என்பது கேள்வி. பிற்காலத்தில் ஹாயிலே, ஏதோ ஒரு பேரறிவு இயற்பியலில் கைவைத்தது போலத் தோன்றுகிறது என்ற பொருளில் எழுதினார்.

இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். இரவில் யோசித்தால் தூக்கம் கெடுகிற வாதம் இது ஒன்றுதான். ஆனாலும் ஏற்கவில்லை. நம் கையில் இருப்பது ஒரே ஒரு பிரபஞ்சம். மாறிலிகள் வேறு மாதிரி அமைந்திருக்க வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட இன்னொரு பிரபஞ்சத்தை நாம் பார்த்ததில்லை. குயவனையே பார்க்காமல் பானையின் விலையைப் பேசுவது போன்றது அது. அப்படியே ஒப்புக்கொண்டாலும் கிடைப்பது என்ன? மாறிலிகளைத் திருத்தி வைத்த ஒரு பேரறிவு. அது ஒன்றா, பலவா? இன்னும் இருக்கிறதா? திருச்செந்தூரில் முடியிறக்குவதாக நேர்ந்துகொண்டால் அதன் காதில் விழுமா? ராமானுஜரின் பழைய கேள்விகள் புதிய இயற்பியலிலும் அப்படியே நிற்கின்றன.

காதில் விழுமா என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்காகப் பிரார்த்தனை நடந்தது, இரண்டாவதற்கு நடக்கவில்லை. இரண்டு குழுவுக்கும் சொன்னது, நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்று மட்டும். மூன்றாவது குழுவிடம் உறுதியாகவே நடக்கும் என்று சொல்லிப் பிரார்த்தனை செய்தார்கள். முடிவு 2006ல் வெளிவந்தது. அறுவைக்குப் பின் சிக்கல் ஏற்பட்டவர்கள், பிரார்த்தனை பெற்ற முதல் குழுவில் 52 சதவீதம், பெறாத குழுவில் 51. நமக்காகப் பிரார்த்திக்கிறார்கள் என்று தெரிந்த குழுவில் 59. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது மதத்துக்கு விரோதமான அமைப்பும் அல்ல, அறிவியலையும் ஆன்மிகத்தையும் இணைத்துப் பார்க்க விரும்பும் டெம்பிள்டன் அறக்கட்டளை.

இது கடவுள் இல்லை என்று நிரூபிக்கவில்லை. சோதனைக் குழாய்க்குள் வருவதாகக் கடவுள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் ‘வேண்டினால் நடக்கிறது, அதுவே சாட்சி’ என்கிற வாதம் அடிபட்டுப் போகிறது. வேண்டி நடந்தவர்கள்தான் கோயிலில் வந்து சொல்கிறார்கள். வேண்டி நடக்காதவர்கள் எழுந்து நின்று சொல்வதில்லை.

என் பெரியம்மா அப்படிச் சொல்லாதவர்களில் ஒருவர். மகனுக்குச் சிறுநீரகம் பழுதானபோது அவர் வேண்டாத சாமி இல்லை. அண்ணன் பிழைக்கவில்லை. பெரியம்மா வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதை நிறுத்தவும் இல்லை. ஒருநாள், நான் படித்ததையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, “கேட்டது எதுவும் நடக்கலையே பெரியம்மா, அப்புறமும் எப்படிச் சாமி இருக்குன்னு நம்புறீங்க?” என்று கேட்டுவிட்டேன். “அதைத் தெரிஞ்சு நீ என்னடா பண்ணப்போற? ரெண்டு முழம் பூ வாங்கிட்டு வாடான்னு அனுப்பிச்சேனே, எங்க?” என்றார்.

அவருடைய நம்பிக்கை பானையின் மேலும் நிற்கவில்லை, கார்பன் அணுக்கருவின் மேலும் நிற்கவில்லை. எந்தச் சான்றை உடைத்தாலும் அது ஆடாது. அதனால் அது உண்மை என்றும் ஆகிவிடாது. சாஸ்திரம் ஒன்றே வழி என்ற ராமானுஜரின் நிலையிலும் எனக்கு இதே சிக்கல்தான். வேதத்தை வைத்து அவர் சொல்வதை, விவிலியத்தை வைத்து இன்னொருவரும் குர்ஆனை வைத்து வேறொருவரும் அதே உறுதியோடு சொல்கிறார்கள். எது சரி என்று தேர்ந்தெடுக்க மறுபடியும் தர்க்கத்திடம்தான் வர வேண்டும். அந்தக் கதவையோ அவர் ஏற்கெனவே சாத்திவிட்டார்.

ஆகவே என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். சான்றும் தர்க்கமும் கடவுள் நம்பிக்கையைத் தாங்கவில்லை. எதுவுமே ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை என்பதால், எங்கோ ஒரு மூலகாரணம் இருக்கலாம் என்பவரோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். வேண்டுதலைக் கேட்டு, நோயைத் தீர்த்து, அலையை நிறுத்துகிற கடவுளுக்குச் சான்று இல்லை. அவரைச் சொல்லி மருந்தை நிறுத்தச் சொன்னாலோ, பாடப்புத்தகத்தை மாற்றச் சொன்னாலோ, பக்கத்து வீட்டுக்காரனை ஒதுக்கி வைக்கச் சொன்னாலோ அப்போது ஆதாரம் கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. பெரியம்மாவின் பூவுக்கு ஆதாரம் கேட்க எனக்கு உரிமை இல்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ‘விஞ்ஞானிகளே வியந்தனர்’ என்று ஏதாவது வந்தால், அனுப்பியவரோடு சண்டை போடாதீர்கள், கேலிப்படம் போட்டுப் பதிலடியும் கொடுக்காதீர்கள். மணிமேகலையில் ‘சமயக்கணக்கர் தந்திறங் கேட்ட காதை’ என்று ஒன்று இருக்கிறது, 27ஆவது. வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய், உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். அவளிடம் முதலில் பேசுகிற அளவைவாதி, அளவைகள் எத்தனை என்ற கணக்கிலிருந்துதான் ஆரம்பிக்கிறான். கடவுளை ஏற்கிறவர்களும் வருகிறார்கள், கண்ணால் காண்பதைத் தவிர எதையும் ஏற்காத பூதவாதியும் வருகிறான். எல்லோரையும் அவள் கேட்கிறாள். நம்புகிறவர், நம்பாதவர் யாராக இருந்தாலும் நல்ல உரையோடு ஒரு பதிப்பு வாங்கி அந்தக் காதையைப் படியுங்கள். ஒரு மாலைப் பொழுது போதும்.